மூன்று துடுப்புக் காசு

லிப்ட்காரருக்கு வேலை இடத்தில் குழப்பம் என்பதே கிடையாது. பாதியில் நின்றுபோன லிப்டின் கதவில் காதை வைத்துக் கேட்டே, கோளாறு மேலே மோட்டாரிலா கீழே குழியிலா என்று சொல்லிவிடுவார். வெளியே வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். சட்டை எடுக்கப் போனால் நீலமா சாம்பலா என்று கடைக்காரர் கொட்டாவி விடும்வரை நிற்பார். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கைக்குட்டையோடு வீட்டுக்கு வருவார். "கைக்குட்டையாவது ஒரே கலரா, இல்ல கட்டம் போட்டதா?" என்று மனைவி கேட்பாள். கட்டம் போட்டதாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் தலையில் ஒரு காசு ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய அரசாங்கம் கடைசியாக அடித்த வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அலைமேல் ஒரு படகு. படகுக்கு நாலு துடுப்பு. ஏராளமாக அடித்துத் தள்ளியதால் அந்தக் காசுக்குப் பெரிய மதிப்பில்லை. காசு சேர்க்கிறவர்கள் வீட்டிலெல்லாம் ஒன்று கிடக்கும். ஆனால் காசு அடிக்கும் ஆலையில் ஒருமுறை, அச்சைத் தேய்த்துச் சுத்தம் செய்தவன் கை கொஞ்சம் அழுத்திவிட, படகின் பின்பக்கத்துத் துடுப்பு அச்சிலிருந்தே காணாமல் போயிற்று. யாரோ கவனித்து நிறுத்துவதற்குள் மூன்று துடுப்போடு கொஞ்சம் காசு வெளியே போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. லிப்ட்காரரிடம் ஒன்று இருந்தது. இருந்தது என்று சங்கமே நம்பியது. அவரும் நம்பினார்.

சங்கம் என்றால் நாணயச் சங்கம். ஸ்டேஷனரிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பல் டாக்டர், ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், ஒரு வக்கீல், இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் வசதியானவர்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனையோடு போகும் லிப்ட்காரருக்கு முதலில் கதவோரம்தான் இடம். இவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒருநாள் பல் டாக்டர் மூன்று துடுப்புக் காசைப் பற்றிப் பேசினார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, எப்போதோ வாங்கிப் போட்ட தன் காசை உறையிலிருந்து எடுத்து எண்ணினார் லிப்ட்காரர். மூன்றுதான். மறுபடி எண்ணினார். மூன்றேதான். அன்றிலிருந்து அவர் பெயரே சங்கத்தில் 'துடுப்பு' என்று ஆகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் முதலில் இவரிடம் கூட்டிவந்து, "இவர்தான் துடுப்பு" என்று அறிமுகம் செய்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே வாரம் முழுக்கக் குழியில் இறங்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

பிரச்சினையைக் கிளப்பியவரும் அதே பல் டாக்டர்தான்.

அவருடைய காசுகள் அத்தனையும் பரிசோதனைக்குப் போய்த் தரம் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் சீலாகி வந்தவை. பெட்டிமேல் காசின் பெயர், தரத்துக்கு ஒரு எண். திறக்க முடியாது. உடைத்தால் தரமும் போச்சு.

"துடுப்பு, உங்க காசையும் கிரேடிங் அனுப்பிடுங்களேன்," என்றார் டாக்டர். "வர்ற ஞாயித்துக்கிழமை ஏஜென்ட் இங்கயே வர்றாங்க. சீல் ஆகி வந்துட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது."

"இப்ப யாரு திறந்தா?"

"இன்னும் திறக்கல. நீங்க அனுப்பலைன்னா திறப்பாங்க. இந்தக் காசுல நாலாவது துடுப்பைச் சுரண்டிட்டு மூணுன்னு காட்டறவங்க நிறைய பேரு இருக்காங்க. உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்."

பொதுவாகச் சொல்வதை மட்டும் மனிதர்கள் ஏன் ஒருவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

லிப்ட்காரருக்கு போட்டோ ஸ்டூடியோக்காரர் ஞாபகம் வந்தது. அவரும் இதே சங்கத்தில் இருந்தவர்தான். அவர் அனுப்பிய காசு 'திருத்தப்பட்டது' என்ற லேபிளோடு திரும்பி வந்தது. அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்கும்போதே அப்படி இருந்ததா, அவரே வைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். இப்போது எதிர்ப்பட்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். அனுப்பிக் காசு அப்படித் திரும்பினால் தானும் மோசடிக்காரன். அனுப்பாவிட்டால் மோசடி செய்துவிட்டுப் பயப்படுகிறவன். லிப்ட்காரருக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு சின்ன இடமாவது கிடைக்காதா என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, காசை ஓரம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அச்சிலேயே துடுப்பு இல்லாத காசில், துடுப்பு மட்டும்தான் இருக்காது. அதைச் சுற்றியுள்ள அலைகள் கூர்மையாக இருக்கும். பின்னால் தேய்த்துப் போக்கியது என்றால் அலையும் சேர்ந்து மழுங்கியிருக்கும். திங்கட்கிழமை பார்த்தபோது அலை கூர்மையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மழுங்கியிருந்தது. விளக்கை மாற்றினார், அலை மாறியது. கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி மாறியது. கடலில்தான் அலை நிற்காது என்று நினைத்தால் வெள்ளியிலும் நிற்காது போலிருந்தது. சுரண்டினது யார்? தான் சுரண்டவில்லை. அது சத்தியம். அப்படியானால் விற்றவனா? விற்றவன் மூன்று துடுப்பென்று தெரிந்து விற்றிருந்தால் அவ்வளவு மலிவாகவா கொடுப்பான்? யோசிக்க யோசிக்க, தூக்கத்தில் எழுந்துபோய்த் தானே சுரண்டியிருப்போமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

புதன்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார். லிப்ட்காரர் போய்ப் பார்த்தார், சின்னக் கோளாறுதான். மேலே போய்ச் சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் அறிமுகமே இல்லாத ஒரு காது கிடைத்ததும் அவரால் இருக்க முடியவில்லை.

"சார், ஒரு விஷயம் கேக்கலாமா? உங்ககிட்ட ஒரு காசு இருக்கு. நல்லதுதான்னு நினைக்கிறீங்க. அதை ஒருத்தர்கிட்ட கொடுத்து நல்லதான்னு கேப்பீங்களா, கேக்க மாட்டீங்களா?"

"யோவ், முதல்ல கதவைத் திற!"

"திறக்கறேன் சார். சும்மா உங்க அபிப்பிராயம்..."

"கேப்பேன்யா! கேப்பேன்! திற!"

திறந்ததும் வெளியே வந்தவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் கேக்க மாட்டேன். கேட்டா இருக்கிற நிம்மதியும் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. இவருக்கு இருந்த குழப்பம் இரண்டு மடங்காயிற்று.

கடைசியில் எப்போதும்போல மனைவியிடம்தான் வந்து நின்றார்.

அவள் நீதிமன்றத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிச் சுருங்கி, பல வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டாள். இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். காது கூர்மை, வாய் அதைவிட. அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. புதுக் காசு வாங்கி வந்தால் அதை அவர் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். "ராஜாவுக்கு மூக்கு நீளம். கழுத்துல சங்கிலி. பின்னாடி பக்கம் ஒரு மரம், ஏழு கிளை" என்று ஒன்று விடாமல் சொல்வார். அவள் கேட்டுக்கொள்வாள், மறக்கவே மாட்டாள். அவர் வாங்கிய காசுகளெல்லாம் அவரைவிட அவளுக்குத்தான் நன்றாக ஞாபகம். தொட மட்டும் விடமாட்டார். விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும், காசுக்கு ஆகாது என்பார்.

"இந்தக் காசை வாங்கினப்ப நான் எத்தனை துடுப்புன்னு சொன்னேன்? மூணா, நாலா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "நீங்க சொல்லவே இல்லையே," என்றாள்.

"சொல்லாம இருக்க மாட்டேனே."

"வாங்கின மறுநாள் காலையிலதான் குழியில விழுந்தீங்க. அவசரமா கிளம்பினீங்க. 'உறையோட கையில வெச்சுக்கோ, சாயங்காலம் வந்து சொல்றேன்'னு சொல்லிட்டுப் போனீங்க. சாயங்காலம் நீங்க எங்க வந்தீங்க?"

ஆமாம். அவருக்கும் நினைவு வந்தது. அன்று இடுப்பு எலும்பு உடைந்தது. அதன் மிச்சம்தான் இப்போது நொண்டி நொண்டி நடப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது காசெல்லாம் அவர் மனசிலேயே இல்லை.

"சரி, அனுப்பட்டா வேண்டாமா? நீயே சொல்லு."

"அனுப்பாதீங்க," என்றாள் பட்டென்று. வியாழக்கிழமை காலையில், "யோசிச்சுப் பாத்தேன், அனுப்பிடுங்க," என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், "எதுக்குங்க வம்பு, அது பாட்டுக்கு அலமாரியில கிடக்கட்டும்," என்றாள். லிப்ட்காரர் ஆடிப்போய்விட்டார். வீட்டில் குழம்புவது அவருடைய வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு விஷயத்தில்கூட இரண்டு பேச்சுப் பேசினதில்லை. இவளுக்கு என்ன வந்தது?

சனிக்கிழமை சாயங்காலம் காசைச் சின்ன உறையில் போட்டு, பெயர் எழுதி, ஒட்டாமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டுவதற்குக் கை வரவில்லை.

"என் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஏதாவது மிச்சம் இருந்தா விரலுக்குத் தெரியும்ல?" என்றார் கடைசியில். "நீ ஒரு தடவை தொட்டுச் சொல்லேன். துடுப்பு இருந்த இடத்துல மேடு ஏதாவது தட்டுதான்னு."

"நானா?"

"இந்தா, கையுறையைப் போட்டுக்கோ."

"கையுறையைப் போட்டுக்கிட்டு நான் என்னத்தைப் பாக்க?"

"சரி, வெறுங்கையாலயே பாரு. ஓரத்தைப் பிடிச்சுக்கோ. நடுவுல ரொம்ப அழுத்தாத."

அவள் கையை நீட்டத் தயங்கினாள். அவராகவே உள்ளங்கையில் காசை வைத்தார்.

எந்தப் பொருளானாலும் சுற்றிலும் தடவி, யார் நீ என்று விசாரித்துவிட்டுத்தான் அவள் கையில் பிடிப்பாள். தினமும் எடுக்கும் உப்பு ஜாடியைக்கூட அப்படித்தான். இந்தக் காசை அவள் விசாரிக்கவில்லை. விரலுக்குள் ஒரே புரட்டில் படகு மேலே வந்தது. கட்டைவிரல் எங்கேயும் தேடாமல் நேராகப் போய்ப் படகின் பின்பக்கம் படிந்தது. பழைய செருப்பில் கால் நுழைவதுபோல் அந்த மழுங்கின இடத்தில் விரல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

லிப்ட்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

அவள் மறைக்கவில்லை. "நீங்க விழுந்த நாள்லேருந்து," என்றாள்.

"போன் வந்தப்ப என் கையில இதுதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வண்டியில கூட்டிட்டுப் போனாங்க. நீங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் இதைக் கீழ வைக்கல. அப்புறம் நீங்க நடக்க ஆரம்பிச்சு, திரும்ப வேலைக்குக் கிளம்பினீங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல. எனக்கு ஜன்னல்ல நின்னு பாக்கவா முடியும்? அலமாரியைத் திறந்து இதை எடுத்துக்கிட்டேன். நீங்க கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் உறையில போட்டு வெச்சிட்டேன். நல்லபடியா வந்துட்டீங்க. மறுநாள் எடுக்காம இருக்கப் பயமா இருந்துச்சு. அதுக்கு மறுநாளும்தான்."

"அப்ப எத்தனை துடுப்பு இருந்துச்சு?"

"நாலு. ஒவ்வொண்ணா தொட்டு எண்ணியிருக்கேன். கடைசித் துடுப்பு மேலதான் விரல் நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. ஒருநாள் தேடினேன், கிடைக்கல."

"தெரிஞ்சே தேச்சியா?"

"நான் எங்கங்க தேச்சேன்? பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

லிப்ட்காரருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? எழுந்து நின்றார், மேஜையைத் தட்டினார், லென்ஸ் உருண்டு கீழே விழுந்தது. "அங்க எனக்கு என்ன பேரு தெரியுமா உனக்கு? துடுப்பு! அத்தனை பெரிய மனுஷங்க நடுவுல எனக்குன்னு ஒரு பேரு! எல்லாம் உன் கட்டைவிரல் பண்ணின வேலையா? நான் மூணுன்னு வந்து சொன்னேனே, அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? அந்த இடுப்பை வெச்சுக்கிட்டுக் கூடத்துல குதிச்சீங்களே, அப்பவா?" அவள் குரல் உடைந்தது. "என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'நம்மகிட்ட இருக்குடீ, நம்மகிட்ட இருக்கு'ன்னு கத்தினீங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க குரல் அப்படி இல்ல. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் கேட்டதே இல்ல. அதை எந்த வாயால கெடுப்பேன்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தெருமுனைவரை கோபமாக நடந்தார். பார்மசி தாண்டியதும் கோபம் யார்மேல் என்று குழப்பமாகிவிட்டது. அவள்மேலா? தினமும் தன் உயிருக்காகக் காசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்மேல் என்ன என்று கோபப்படுவது? அந்தக் காசின்மேலா? வாசிக்காமல் கையில் திணித்துவிட்டு ஓடின தன்மேலா? அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் உடனே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் பல் டாக்டர் முகம் வந்தது, இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். வீட்டுக்குத் திரும்பியபோது அவள் லென்ஸைத் தரையில் தடவித் தேடி எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். இருவரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் அவர் கிளம்பும்போது அவளே பேச்சை எடுத்தாள். "பேசாம அனுப்பிடுங்க. நேத்து நான் ஒண்ணும் சொல்லலைன்னு வெச்சுக்குங்க. அவங்களுக்கும் கண்ணு தப்பலாம்ல."

"தப்பலைன்னா?"

"அப்ப தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. வீட்ல கண்ணு தெரியாதவ இருக்கா, குப்பையோட போட்டுட்டான்னு சொல்லுங்க. நம்புவாங்க."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. காசைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பஸ்ஸில் போகும்போது அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். இறங்கும்போது வேண்டாம் என்று முடிவு செய்தார். மாடிப்படியில் தொலைந்துபோனதாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஏஜென்ட் ஒரு பெண். வெள்ளைக் கையுறை, கறுப்புத் துணி விரித்த தட்டு, நெற்றியில் ஏற்றிவிட்ட லென்ஸ். ஒவ்வொருவராகக் காசை வைக்க, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "கழுவினீங்களா, தேச்சீங்களா, ஏதாவது தடவினீங்களா?" எல்லாரும் ஜுரத்துக்கு டாக்டரிடம் வந்தவர்கள்போல் பவ்யமாக, "இல்லம்மா, இல்லம்மா" என்றார்கள். பல் டாக்டர் மூன்று காசு வைத்தார். பிறகு எல்லாரும் திரும்பி லிப்ட்காரரைப் பார்த்தார்கள்.

அவர் காசைத் தட்டில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"ஓ, மூணு துடுப்பா?" அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கழுவினீங்களா, தேச்சீங்களா?"

இல்லை என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது பொய்கூட இல்லை, அவர் தேய்க்கவில்லை. என் மனைவி என்று சொல்லலாம், அது உண்மை. ஆனால் கண் தெரியாத ஒருத்தியைக் கொண்டுவந்து இத்தனை பேர் நடுவில் நிறுத்திவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்வதா? நான் தேய்த்தேன் என்றால் ஸ்டூடியோக்காரர் கதிதான். அந்தப் பெண் பேனாவைத் தட்டினாள்.

"தேஞ்சது," என்றார். "எங்க வீட்ல தேஞ்சது. வாங்கினப்ப நாலு துடுப்பு இருந்துச்சு."

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படித் தேஞ்சுது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான் வேலைக்குப் போனா, வர்ற வரைக்கும் என் சம்சாரம் அதைக் கையில பிடிச்சுக்கிட்டிருப்பாங்க. வருஷக்கணக்கா. எனக்கு நேத்துதான் தெரியும்."

மேனேஜர் முதலில் சிரித்தார். அப்புறம் வக்கீல். பல் டாக்டர் சிரிக்கவில்லை. "ஏங்க, நீங்களே சுரண்டிட்டு, பாவம் அந்தம்மா தலையில கட்டறீங்களே," என்றார். "இத்தனை நாள் எங்களை ஏமாத்தினது போதாதா?"

"அவங்க தலையில கட்டல. எங்க வீட்லன்னுதான் சொன்னேன். வீட்ல நானும்தான் இருக்கேன்."

அந்தப் பெண் லென்ஸை இறக்கிக் காசை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அனுப்பினா 'திருத்தப்பட்டது'ன்னுதான் சார் வரும். யாரு, எதுக்குன்னெல்லாம் போட மாட்டாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க," என்று தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் காசை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். யாரும் துடுப்பு என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

கேட் சத்தம் கேட்டதும் அவள் கதவருகே வந்து நின்றாள். "என்ன சொன்னீங்க?"

"தேஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

"ஐயோ. சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. டாக்டர் நம்பவே இல்ல."

"இனிமே அங்க போக மாட்டீங்களா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகை வரும்போலிருந்தது; அவளுக்குக் கேட்டுவிடுமே என்று அடக்கிக்கொண்டார்.

"ஏங்க சொன்னீங்க? அந்தப் பேரு உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமே."

"தெரியலம்மா. படியேறும்போதுகூடச் சொல்லணும்னு நினைக்கல."

"என்மேல கோவமா?"

"அதுவும் தெரியல," என்றார். அது உண்மைதான். ஆனால் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒரு பழைய கட்டடத்தில் வேலை. லிப்டுக்கடியில் தண்ணீர் புகுந்துவிட்டது, குழியில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல வேண்டாமென்று நினைத்திருந்தார்; காலையில் வந்த போனிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

லிப்ட்காரர் பையைத் தோளில் மாட்டி, வாசல்வரை போய்விட்டார். பிறகு செருப்போடு உள்ளே திரும்பி வந்தார். அலமாரியைத் திறந்து, உறையைக் கிழித்து, கையுறை எதுவும் போடாமல் காசை அப்படியே அள்ளி எடுத்து, அவள் உள்ளங்கையில் படகு மேலே இருக்கும்படி வைத்தார்.

"வேண்டாங்க," என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "இன்னும் தேஞ்சிடும்."

"தேயட்டும். இன்னும் மூணு துடுப்பு இருக்குல்ல? அதெல்லாம் தேயறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவள் கையை மூடிக்கொண்டாள்.